நண்டு நடந்த கதை

நம் மன்றத்தின் 2025ஆம் ஆண்டுப் பொங்கல் விழாவுக்கு வந்திருந்த அன்பர்கள் அந்தக் காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். பானை பொங்கி, குலவை ஓய்ந்து, பட்டிமன்றம் தொடங்குவதற்கு முன் கால்மணி நேரம் இருந்தது. "நம் மாணவர் ஒருவர் செய்த நடக்கும் இயந்திரத்தை இப்போது காண்போம்" என்று செயலாளர் ஒலிபெருக்கியில் அறிவித்தார். நான் முன்னே வந்து, கையில் இருந்த நாலுகால் ரோபோவைக் கோலத்தின் ஓரத்தில் வைத்தேன். அது எழுந்து நின்றது. கைதட்டினீர்கள். ஓர் அடி வைத்தது. இன்னும் பலமாகக் கைதட்டினீர்கள். இரண்டாம் அடியில் உடம்பெல்லாம் நடுங்கி, நான்கு கால்களையும் பரப்பிக்கொண்டு கோலப்பொடியில் குப்புற விழுந்தது. பிறகு தானே எழுந்தது, மறுபடியும் விழுந்தது. மூன்றாம் முறை விழுந்தபோது, "நண்டுக்குப் பொங்கல் அதிகமாகிவிட்டது!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அரங்கமே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காமல் வேறு என்ன செய்வது?

ஏன் விழுந்தது என்று அன்று பலர் கேட்டார்கள். தரை வழுக்கல் என்று ஒருவரிடம் சொன்னேன். தில்லிக் குளிர் என்று இன்னொருவரிடம் சொன்னேன். மோட்டார் போதவில்லை, இன்னும் பெரிதாக வாங்கவேண்டும் என்று மூன்றாமவரிடம் சொன்னேன். மூன்றும் பொய். அவற்றைப் பொய் என்று அறியாமல் சொன்னேன் என்பதுதான் வேடிக்கை. அறிந்தே சொன்ன பொய் ஒன்றும் அன்று உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் இந்த நண்டு எங்கிருந்து வந்தது என்று சொல்லவேண்டும். 2024 அக்டோபரில், தீபாவளிக்குச் சற்று முன்பு, உதவித்தொகையில் மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு ரோபோ கிட் வாங்கினேன். அட்டைப் பெட்டிக்குள் வெட்டிய அக்ரிலிக் துண்டுகள், ஒரு பை நிறையத் திருகுகள், எட்டுச் சிறிய சர்வோ மோட்டார்கள், மூளையாக ஓர் அர்டுயினோ நானோ பலகை, இரண்டு லித்தியம் செல்களை வைக்கும் கூடு, அந்தச் செல்களின் அழுத்தத்தை 5 வோல்ட்டாகக் குறைக்கும் விரல் நீளப் பலகை ஒன்று ஆகியவை இருந்தன. காலுக்கு இரண்டு மோட்டார். ஒன்று காலை முன்னும் பின்னும் ஆட்டும். மற்றொன்று தூக்கி இறக்கும். பூட்டி முடித்ததும் அகட்டி வைத்த கால்களோடு அது மேசைமேல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து என் அறைத்தோழன் "நண்டு" என்று பெயரிட்டான். பெயர் நிலைத்துவிட்டது.

இயற்பியல் முதுநிலை இரண்டாம் ஆண்டு படிப்பவனுக்கு இந்த விளையாட்டு எதற்கு என்று சிலர் கேட்டதுண்டு. காகிதத்தில் ஆயிரம் கணக்குப் போடலாம். போட்ட கணக்கு எழுந்து நடப்பதைக் கண்ணால் பார்ப்பது வேறு இன்பம். மேலும், நடத்தல் என்பது நாம் நினைப்பதுபோல் எளிய காரியம் அன்று. நாலுகால் பிராணி மெதுவாக நடக்கும்போது ஒரு நேரத்தில் ஒரு காலைத்தான் தூக்குகிறது. மற்ற மூன்று கால்களும் தரையில் ஒரு முக்கோணம் போடுகின்றன. உடம்பின் எடை மையம் அந்த முக்கோணத்துக்குள் இருக்கும்வரை அது விழாது. வெளியே போய்விட்டால் கவிழும். ஒரு காலில் தொடங்கினால், மிச்ச மூன்று கால்களையும் ஆறு வகையான வரிசையில் தூக்கலாம். அவற்றுள் எது மிகவும் உறுதியானது என்பதை மக்கீ, ஃபிராங்க் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1968ஆம் ஆண்டில் கணக்கிட்டுக் காட்டினார்கள். பின் இடக்கால், முன் இடக்கால், பின் வலக்கால், முன் வலக்கால் என்னும் வரிசையே அது. நம் ஊர்ப் பசுமாடு வயலோரத்தில் நடந்து போகும்போது பாருங்கள், அதே வரிசைதான். மாட்டுக்குத் தெரிந்ததை மனிதன் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தான்.

அந்த வரிசையை நண்டுக்குச் சொல்லிக் கொடுத்தேன். நடந்ததா? நாலு அடி நடக்கும். பிறகு நடுங்கும், உட்காரும், ஒரு விநாடி செத்ததுபோல் கிடந்துவிட்டு எழுந்திருக்கும். செல்களை முழுதும் ஏற்றிய சற்று நேரம் வரைக்கும் பத்து அடி போகும். அப்புறம் பழைய கதை. நவம்பர் முழுவதும் இப்படியே கழிந்தது. அந்த மாதம் அது மேசையிலிருந்து ஒருமுறை விழுந்து, ஒரு மோட்டாரின் பிளாஸ்டிக் பல் உடைந்தது. உடைந்த பற்சக்கரத்தை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். அரிசிமணி அளவுகூட இல்லை. "இத்தனை நோஞ்சான் மோட்டாரை வைத்துக்கொண்டு நடக்கவில்லை என்றால் எப்படி நடக்கும்?" என்று எண்ணினேன். நோய் தெரிந்துவிட்டது என்று மகிழ்ந்தேன். அன்று முதல் என் மனத்தில் உலோகப் பற்சக்கர மோட்டார் குடியேறியது.

உள்ளம் ஒன்றை விரும்பிவிட்டால், அறிவு அதற்கு வக்கீலாகிவிடுகிறது. நான் ஒரு பட்டியல் எழுதினேன். எட்டு உலோகப் பல் மோட்டார், கையிருப்புக்கு இரண்டு. பதினாறு மோட்டார்களை ஆளவல்ல கட்டுப்பாட்டுப் பலகை ஒன்று. நாளைக்குப் பன்னிரண்டு மோட்டார் நண்டு செய்யலாமே! உடம்பின் சாய்வைச் சொல்லும் உணரி ஒன்று, மலையேறினாலும் ஏறலாமே! இன்னும் நீண்ட நேரம் ஓடப் பெரிய செல்கள் இரண்டு. பட்டியல் நீண்டது. பணம் மட்டும் இல்லை.

அந்த நேரத்தில்தான் அப்பாவிடமிருந்து 4,000 ரூபாய் வந்தது. பொங்கலுக்கு ஊருக்கு வந்து போக.

என் அப்பா கோவைக்கு வடக்கே அன்னூர்ப் பக்கத்தில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். ஒரு தகரக் கொட்டகை, ஒரு காயில் சுற்றும் மெஷின், சுவரோரம் வரிசையாகக் கிணற்று மோட்டார்கள், அவ்வளவுதான் பட்டறை. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியைப் பிடுங்கி, புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காய வைத்துத் தருவார். அந்த வார்னிஷ் வாசனையில்தான் நான் வளர்ந்தேன். 4,000 ரூபாய் என்பது அவருக்கு எத்தனை நாள் குனிந்த முதுகு என்று எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் செய்தேன்.

டிசம்பர் இறுதியில் ஒரு நாள், பனிமூட்டம் விலகாத காலை வேளையில், செங்கோட்டைக்கு எதிரே உள்ள லஜ்பத் ராய் மார்க்கெட்டுக்குப் போனேன். தில்லிக்கு வந்த புதிதில் அந்த இடம் எனக்கு ஒரு சுவர்க்கமாகத் தோன்றியது. தெருவெல்லாம் கம்பிச் சுருள்கள், விளக்குகள், ஒலிபெருக்கிகள், பெயர் தெரியாத பலகைகள். என் அரைகுறை இந்தியில் கேட்டதையெல்லாம் கடைக்காரர் ஒருவர் எடுத்து வைத்தார். "இது உறுதி, அது உறுதி" என்று ஒவ்வொன்றையும் தட்டிக் காட்டினார். பத்து மோட்டார் 2,200 ரூபாய். கட்டுப்பாட்டுப் பலகை 400. சாய்வுணரி 250. செல் இரண்டு 360. அந்தச் செல்களின்மேல் 9,900 மில்லியாம்பியர் மணி என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது. 18 மில்லிமீட்டர் பருமனும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள அந்த வகைச் செல்லில், பேர்போன கம்பெனிகள் செய்வதுகூட 3,500 அளவில்தான் கொள்ளும் என்பதை நான் படித்திருந்தேன். படித்தது அப்போது நினைவுக்கு வரவில்லை. வர நான் விடவில்லை. மொத்தம் 3,210 ரூபாய் போக 790 மிஞ்சியது. அதை வைத்துக்கொண்டு ஊருக்குப் போய் வர முடியாது.

அன்று இரவு அப்பாவுக்குப் பேசினேன். பொங்கலை ஒட்டி ஆய்வுக்கூடத் தேர்வு வைத்துவிட்டார்கள், வர இயலாது என்று சொன்னேன். அறிந்தே சொன்ன பொய் என்றேனே, அது இதுதான்.

"அதுக்கென்ன கண்ணு, படிப்பு முக்கியம். சித்திரைக்கு வா. பணத்த வெச்சுக்க, பத்திரம்" என்றார்.

புது மோட்டார்களைப் பூட்டினேன். பார்க்க அழகாக இருந்தன. கையால் காலைத் திருப்பினால் உள்ளே உலோகம் உலோகத்தோடு உரசும் ஓசை கேட்டது. ஆனால் நண்டு நாலு அடிக்குப் பதில் இரண்டு அடியில் விழுந்தது! நிரலில் பிழை என்று இரவெல்லாம் திருத்தினேன். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். 5.02 வோல்ட். குறையே இல்லை. அந்த நிலையில்தான் பொங்கல் விழாவுக்குக் கொண்டுவந்தேன். மிச்சம் நீங்கள் அறிவீர்கள்.

விழாவன்று மாலை வீட்டிலிருந்து காணொலி அழைப்பு வந்தது. பட்டிப் பொங்கலுக்கு ஆயத்தம் நடந்துகொண்டிருந்தது. எங்கள் பசுவுக்குக் கொம்பில் வண்ணம் தீட்டியிருந்தார்கள். தங்கை அதை நடத்திக் காட்டினாள். பின் இடக்கால், முன் இடக்கால் என்று எண்ணிக்கொண்டே பார்த்தேன். கண் கலங்கிவிட்டது. என் அம்மாயி கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு, "பரிச்சை நல்லா எழுதினியா சாமி?" என்று கேட்டாள். அவளுக்கு எண்பது வயது. "நல்லா எழுதினனுங் அம்மாயி" என்றேன். நண்டு கீழே விழுந்தது எல்லார் முன்னும் விழுந்த விழுதல். இது யாரும் காணாமல் விழுந்தது.

இதற்குப் பிறகு நண்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். மோட்டார் இன்னும் பெரிதாக வேண்டும் போலும், அதற்கு எப்போது பணம் சேரும் என்று மட்டும் அவ்வப்போது எண்ணினேன். பிப்ரவரி மாதத்தில் ஓர் இரவு அப்பா அழைத்தார்.

"ஏங்கண்ணு, சாப்புட்டயா?"

"சாப்புட்டனுங்ப்பா. ஏனுங், சத்தமே களைச்ச மாதிரி இருக்குது?"

"காலைலிருந்து தோட்டத்துல நின்னுட்டு வர்றேன். நம்ம பட்டறைக்கு வருவாரல்லோ, அந்தத் தோட்டத்துக்காரரு, மூணாவது வாட்டியா காயில் எரிஞ்சு மோட்டாரத் தூக்கிட்டு வந்துட்டாரு. இந்த மோட்டாரே ஆகாது, பெருசா ஒண்ணு வாங்கிப் போட்டுடறேன்னாரு. வேண்டாமுங்க, ஒரு நாள் பொறுங்கன்னு சொல்லிப்போட்டு நானே போய்ப் பார்த்தேன்."

"என்னங்ப்பா ஆச்சு?"

"மோட்டார் நிக்கறப்ப அளந்தா 400க்கு மேல காட்டுது. ஓடவுட்டு அளந்தா 320க்கு எறங்கீருது. கம்பத்துக்கும் கெணத்துக்கும் அத்தனை தூரம். இழுத்திருக்கறது இத்தினியூண்டு ஒயரு. மோட்டாரு என்ன பண்ணும்? வோல்டேஜ் பத்துலைன்னா கரண்ட அதிகமா இழுக்கும், சூடாகி எரிஞ்சு போகும். பெரிய மோட்டாரப் போட்டா இன்னும் சீக்கரமா எரியும். தப்பு மோட்டார் மேல இல்ல கண்ணு. நிக்கறப்ப எல்லா லைனும் நல்லாத்தான் காட்டும். ஓடறப்பப் பாக்கோணும்."

அப்பா அதற்கு மேல் என்ன பேசினார் என்பது என் காதில் விழவில்லை. 5.02 வோல்ட் என்று மல்டிமீட்டர் காட்டியதே, அப்போது நண்டு நின்றுகொண்டல்லவா இருந்தது? நான் அதை நடக்கவிட்டு ஒருமுறையேனும் அளந்தேனா?

மறுநாள் ஆய்வுக்கூட உதவியாளரிடம் கெஞ்சி, வகுப்பு முடிந்த பிறகு ஒரு மணி நேரம் ஆசிலாஸ்கோப்பைக் கேட்டு வாங்கினேன். மல்டிமீட்டர் விநாடிக்கு இரண்டு மூன்று தரம்தான் எண்ணைக் காட்டும். இடையில் நொடிப்பொழுதில் நடப்பது அதற்குத் தெரியாது. ஆசிலாஸ்கோப்பு அப்படியன்று, விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கையும் விரித்துக் காட்டும். நண்டை எழுந்து நிற்கச் சொன்னேன். திரையில் நேர்க்கோடாகப் போய்க்கொண்டிருந்த 5 வோல்ட், படுகுழியில் விழுவதுபோல் 2.6க்கு இறங்கி ஏறிற்று. அர்டுயினோ நானோவின் மூளைக்கு 2.7 வோல்ட்டுக்குக் கீழே போனால் நினைவு தவறிவிடும். அழுத்தம் ஏறியதும் விழித்துக்கொண்டு நிரலை முதலிலிருந்து தொடங்கும். நிரலில் முதல் கட்டளை "எழுந்து நில்." எழுந்து நிற்க எட்டு மோட்டாரும் ஒன்றாக இழுக்கும். அழுத்தம் மறுபடி விழும். பொங்கல் விழாவில் நண்டு எழுந்தெழுந்து விழுந்ததன் இரகசியம் இதுவே. பாவம், அதற்கு மயக்கம் என்று பின்வரிசை நண்பர் சொன்னது எத்தனை உண்மை!

அதன்பின் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இந்தக் கணக்கை நவம்பரிலேயே போட்டிருக்கவேண்டும். பள்ளி மாணவனும் போடக்கூடிய கணக்குதான். என் பழைய பிளாஸ்டிக் மோட்டாரின் வலிமை சுமார் 1.8 கிலோகிராம்–சென்டிமீட்டர். அதாவது அச்சிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளித் தொங்கும் 1.8 கிலோவை அது முழு மூச்சாகத் தாங்கும். நண்டின் எடை 420 கிராம். மூன்று கால்கள் தாங்கும்போது காலுக்கு 140 கிராம். காலின் நீளம் 6 சென்டிமீட்டர். ஆகவே ஒரு மோட்டார் தாங்கவேண்டியது 0.84. முழு வலிமையில் பாதிக்குள் வேலை வாங்கினால் மோட்டார் நீண்ட நாள் உழைக்கும் என்பது பொதுவான வழக்கம். பாதி என்பது 0.9. ஆக, நான் நோஞ்சான் என்று இகழ்ந்த மோட்டார் தன் கடமைக்குப் போதுமானதாகவே இருந்தது. உலோகப் பல் மோட்டார் ஒன்று 13 கிராமுக்கு மேல். பழையது 9 கிராம். எட்டையும் மாற்றியதில் நண்டின் எடை 35 கிராம் ஏறியதுதான் கண்ட பலன். பசித்தவனுக்குச் சோறு போடாமல் இரும்புச் சட்டை மாட்டிவிட்டேன்.

பசியின் கணக்கு வேறு. பழைய மோட்டார் ஒன்று திணறும்போது சுமார் 0.65 ஆம்பியர் இழுக்கும். எட்டும் ஒன்றாகத் திணறினால் 5 ஆம்பியருக்கு மேல். கிட்டில் வந்த அழுத்தம் குறைக்கும் பலகையின்மேல் 3 ஆம்பியர் என்று எழுதியிருந்தது. 2ஐத் தாண்டினாலே கை வைக்க முடியாமல் சுட்டது. அதிலிருந்து மோட்டாருக்குப் போன கம்பி நூல்போல் இருந்தது. அன்னூர்த் தோட்டத்துக் கம்பியேதான்! 9,900 என்று பெயர் சூட்டிக்கொண்ட செல்களை முழுதும் ஏற்றி, மெல்ல இறக்கி அளந்தேன். ஏறக்குறைய 1,100 கொண்டன. பிப்ரவரியில்தான் அளந்தேன் என்றால், டிசம்பரில் நான் வாங்கியது செல்லை அன்று, எழுத்தை.

இனி மருத்துவம். 5 ஆம்பியர் தாங்கும் அழுத்தம் குறைக்கும் பலகை ஒன்று 140 ரூபாய். அதை மோட்டார்களுக்கு மட்டும் கொடுத்தேன். பழைய பலகையை மூளைக்கு மட்டும் வைத்தேன். இரண்டின் எதிர்முனைகளையும் ஒன்றாக இணைத்தேன்; இணைக்காவிட்டால் மூளை சொல்வது மோட்டாருக்கு விளங்காது. 1,000 மைக்ரோஃபாரட் கண்டன்சர் இரண்டை, மோட்டார்க் கம்பிகள் சேரும் இடத்திலேயே வைத்துப் பற்றவைத்தேன். திடீரென்று தாகம் எடுக்கும் நேரத்துக்கு அருகில் வைத்த செம்புத் தண்ணீர்போல அது உதவும். விலை 20 ரூபாய். தடித்த கம்பி 30. நம்பகமான செல் இரண்டு 440. உலோக மோட்டார்களைக் கழற்றிவிட்டுப் பழையனவற்றையே பூட்டினேன். உடைந்ததற்குப் பதில் ஒன்று 95. மொத்தம் 725 ரூபாய்.

இன்னும் இரண்டு மருந்துகளுக்குக் காசே ஆகவில்லை. எட்டு மோட்டாரும் ஒன்றாக இழுக்காதபடி, கால்கள் ஒன்றன்பின் ஒன்றாக விநாடியில் இருபதில் ஒரு பங்கு இடைவெளி விட்டு எழும்படி நிரலை மாற்றினேன். பல்கலைக்கழக வாயிலில் சைக்கிள் பஞ்சர் ஒட்டும் பெரியவரிடம் பழைய டியூபில் ஒரு துண்டு கேட்டு வாங்கி, நான்கு பாதங்களுக்கும் செருப்புத் தைத்தேன். அக்ரிலிக் பாதம் வழவழத்த தரையில் வழுக்கிக்கொண்டிருந்தது. தரை வழுக்கல் என்று நான் சொன்ன பொய்யில் இத்தனை உண்மை இருந்திருக்கிறது!

மீண்டும் ஆசிலாஸ்கோப்பு. எழுந்து நிற்கும்போது 5 வோல்ட் 4.7க்கு இறங்கியது, அவ்வளவே. நண்டு எழுந்தது. நடந்தது. ஆய்வுக்கூடத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை நடந்து, சுவரில் முட்டிக்கொண்டு, அங்கேயே நின்று காலாட்டிக்கொண்டிருந்தது. உதவியாளர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. வெளியே வந்து அப்பாவை அழைத்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். தேர்வு இல்லை என்பதையும், 4,000 ரூபாய் என்ன ஆயிற்று என்பதையும், விழாவில் விழுந்ததையும், தோட்டத்துக்காரர் கதையால் நோய் கண்டதையும் சொன்னேன். நடுவில் அவர் ஒன்றும் பேசவில்லை. பட்டறையில் யாரோ இரும்பைத் தட்டும் ஓசை மட்டும் கேட்டது. முடித்த பிறகு சற்று நேரம் சும்மா இருந்தார்.

"செரி, இப்ப நடக்குதா?" என்றார்.

"நடக்குதுங்ப்பா."

"ஓடறப்ப எவ்வளவு காட்டுது?"

"4.7ங்ப்பா."

"அது போதும்." மறுபடியும் சற்று நேரம் சும்மா இருந்தார். "பணம் போனாப் போகுது கண்ணு. நானும் சின்ன வயசுல அளக்காமக் கம்பி வாங்கி ஏமாந்தவன்தான். ஆனா உன்ற அம்மாயி பொங்கல் முடிஞ்சும் பத்து நாள், பையன் பரிச்சை பாஸ் ஆகோணும்னு மாரியாத்தா கோயிலுக்கு நடந்து போயி வெளக்குப் போட்டா. முட்டி வலியோட. அதை எதக்கொண்டு அளப்ப?"

என்னிடம் விடை இல்லை. இன்றும் இல்லை.

நடத்தலைப்பற்றிப் படிக்கும்போது நான் வியந்த செய்தி ஒன்று உண்டு. 1990ஆம் ஆண்டில் டாட் மக்கீர் என்னும் ஆராய்ச்சியாளர், மோட்டாரே இல்லாமல் நடக்கும் கால்களைப்பற்றி எழுதினார். மூளையும் இல்லை, மின்சாரமும் இல்லை. கால்களின் நீளமும் எடையும் பாதத்தின் வளைவும் சரியாக அமைந்துவிட்டால், மெல்லிய சரிவில் வைத்த மாத்திரத்தில் அவை தாமே அடி வைத்து இறங்கிப் போகும். இதை நான் கிட் வாங்கிய நாளிலேயே படித்திருந்தேன். படித்துவிட்டு, பத்து மோட்டார் வாங்கப் போனேன்! கல்வி தலையில் இருப்பதற்கும் கையில் இருப்பதற்கும் இடையே எத்தனை தூரம் என்று எண்ணிப் பாருங்கள்.

நம் மன்றத்து இளைய மாணவர் இருவர் இப்போது தங்களுக்கும் ஒரு நண்டு வேண்டும் என்று என்னிடம் வருகிறார்கள். விழாவில் பின்வரிசையிலிருந்து குரல் கொடுத்தவர் அவர்களில் ஒருவர். எந்த மோட்டார் வாங்கலாம் என்பதே அவர்கள் கேட்கும் முதல் கேள்வி. நான் அதை முதல் கேள்வியாக வைக்காதீர்கள் என்கிறேன். முதலில் எடையை நிறுத்துப் பாருங்கள். காலின் நீளத்தை அளந்து பெருக்குங்கள். மோட்டார் போதுமா என்பது அந்தப் பெருக்கலில் தெரிந்துவிடும். அடுத்து, எல்லா மோட்டாரும் ஒன்றாகத் திணறினால் எத்தனை ஆம்பியர் என்று கூட்டுங்கள். அதைத் தரவல்ல செல்லும் பலகையும் கம்பியும் உண்டா என்று பாருங்கள். பிறகு பாதத்துக்கு ரப்பர். இவ்வளவும் செய்து, நடக்கவிட்டு அளந்த பிறகும் குறை இருந்தால், அப்போது கடைக்குப் போகலாம். சாய்வுணரியும் பன்னிரண்டு மோட்டாரும் ஓடிப் போய்விடமாட்டா. என்னிடம் உலோக மோட்டார் பத்தும் பெட்டியில் புதிதாகவே இருக்கின்றன. வேண்டுவோர் எடுத்துக்கொள்ளலாம். கணக்கைக் காட்டிவிட்டு எடுத்துக்கொள்ளவேண்டும் என்பது ஒன்றே விலை.

உதவித்தொகை வந்ததும் சித்திரைக்கு ஊருக்குப் போகப் பயணச்சீட்டு எடுத்துவிட்டேன். நண்டையும் கொண்டுபோகிறேன். அப்பா டாங் டெஸ்டரை எடுத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்து அதைச் சோதிப்பார் என்று நினைக்கிறேன். தங்கை அதைப் பசுவுக்கு முன்னே விட்டுப் பார்ப்பாள். அம்மாயியிடம்தான் என்ன சொல்வது என்று தெரியவில்லை. கோயிலுக்கு அவளோடு ஒருமுறை நடந்து போகவேண்டும். முட்டி வலிக்கு ஏற்றபடி, மெதுவாக. வழியில் சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன்.